சிவனொளிபாதமலை: நல்லதண்ணி வழி

பயணத்துக்கு நாள் குறிக்கும் முன் இலங்கை நாட்காட்டியில் போயா (பௌர்ணமி) தினங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். டிசம்பர் மாத உந்துவப் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக் பௌர்ணமியில் முடிவதுதான் மலையின் யாத்திரைப் பருவம். இந்த மாதங்களில் படிவழியெங்கும் இரவு முழுக்க மின்விளக்கு எரியும், தேநீர்க் கடைகள் திறந்திருக்கும், உச்சியில் பூசை நடக்கும். இலங்கையில் ஒவ்வொரு பௌர்ணமியும் பொது விடுமுறை. அது வெள்ளியிலோ திங்களிலோ விழுந்துவிட்டால் சனி, ஞாயிறும் சேர்ந்து நாடே மலைக்குக் கிளம்பும். அந்த நாட்களில் போவது பக்திக்குச் சரி. சுற்றுலாவாகப் போகிறவருக்கு என் யோசனை, போயாவை ஒட்டாத ஒரு செவ்வாய், புதன் அல்லது வியாழன். ஜனவரி கடைசி முதல் மார்ச் வரை வானம் பெரும்பாலும் தெளிந்திருக்கும். ஏப்ரலில் பிற்பகல் இடிமழை தொடங்கிவிடும், புத்தாண்டு விடுமுறைக் கூட்டமும் சேர்ந்துகொள்ளும்.

பருவம் முடிந்ததும் சமன் தெய்வத்தின் சிலையும் பூசைப் பொருட்களும் ஊர்வலமாக இறக்கப்பட்டு, பெல்மதுளையில் உள்ள கல்பொத்தாவல விகாரைக்குப் போய்விடும். விளக்கு அணைந்து கடைகளும் மூடிவிடும். தென்மேற்குப் பருவமழையும் காற்றும் மலையை எடுத்துக்கொள்ளும். அப்போதும் டார்ச் பிடித்துக்கொண்டு ஏறும் வெளிநாட்டுப் பயணிகள் உண்டு. கூட்டமே இராது என்பது உண்மைதான், ஆனால் பெரும்பாலான நாட்களில் மேலே பார்ப்பதற்கு மேகத்தைத் தவிர வேறொன்றும் இராது. தனியாகப் போகவே வேண்டாம். சுற்றிலும் இருப்பது சிறுத்தைகள் நடமாடும் காப்புக்காடு. நாட்டின் மத்திய உயர்நிலங்களில் ஒரு பகுதியாக 2010இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்த வனம் இது.

கூட்டம் எங்கே சேர்கிறது

மலையின் உயரம் 2,243 மீட்டர். இலங்கையின் மிக உயர்ந்த மலை இதுவல்ல, பிதுருதலாகல 2,524 மீட்டர். ஆனால் இது பக்கத்து மலைகளோடு ஒட்டாமல் கூம்பாகத் தனித்து எழுந்து நிற்பதால், பழங்காலக் கடலோடிகள் கரை தெரியும் முன்பே இதை அடையாளம் கண்டார்கள். உச்சியில் உள்ள பாறையில் ஐந்தடிக்கு மேல் நீளமான ஒரு பாதத் தடம். பௌத்தர்களுக்கு அது புத்தரின் ஸ்ரீ பாதம். சைவர்களுக்குச் சிவபெருமானின் பாதம். முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களில் ஒரு சாராரும் ஆதாமின் பாதம் என்பார்கள், இன்னும் சில கிறிஸ்தவர்களுக்குப் புனித தோமாவின் பாதம். நால்வருமே ஏறுகிறார்கள். உச்சி முற்றமோ ஒரு பெரிய கல்யாண வீட்டு முன்றில் அளவுதான்.

அந்தச் சிறு முற்றத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் நிற்க விரும்புவதுதான் சிக்கல். உதிக்கும் சூரியன் பாதத்தை வணங்குகிறது என்பது சிங்கள பௌத்தர்களின் நம்பிக்கை. அந்தக் காட்சியை இர சேவய என்கிறார்கள். அதைக் காண்பது யாத்திரையின் பயன். சுற்றுலாப் பயணிக்கோ சூரிய உதயப் படம் வேண்டும். ஆக, ஏறத்தாழ ஆறேகாலிலிருந்து ஆறரை மணிக்குள் மேலே இருக்க வேண்டும் என்று அத்தனை பேரும் கணக்குப் போடுகிறார்கள். மூன்று மணி அளவில் கடைசி ஒரு கிலோமீட்டர் இறுகத் தொடங்கும். போயா இரவில் அந்த இடத்தில் ஒரு படி ஏறவே நிமிடக் கணக்கில் நிற்க வேண்டிவரும். உதயம் முடிந்த கையோடு எல்லோரும் ஒரே படியில் இறங்குவார்கள்.

இதைப் புரிந்துகொண்டவருக்குத் தப்பிக்க இரண்டு வழி. ஒன்று, மேலே சொன்னதுபோல நாளை மாற்றுவது. சாதாரண வார நாளில் அடிவார ஊரான நல்லதண்ணியிலிருந்து அதிகாலை இரண்டு, இரண்டரைக்குக் கிளம்பி, மூன்று, நான்கு மணி நேரத்தில் மெதுவாக ஏறிவிடலாம். இன்னொன்று, நேரத்தை மாற்றுவது. உங்களுக்குக் கிடைத்த ஒரே நாள் சனிக்கிழமை என்றால், உதயத்தைத் தியாகம் செய்யுங்கள். காலை ஆறு மணிக்குக் கீழே இடியப்பம் சாப்பிட்டுவிட்டு ஏறத் தொடங்குங்கள். இறங்கி வருபவர்களின் வெள்ளம் எட்டு மணி போல எதிரே வரும், ஓரமாக ஒதுங்கி விடுங்கள். பத்தரை மணிக்கு உச்சி ஓரளவு காலியாக இருக்கும். இரவில் ஏறியவர்கள் பார்க்காத காடு, தேயிலைச் சரிவு, மேற்பகுதியில் பிப்ரவரி, மார்ச்சில் சிவப்பாகப் பூத்து நிற்கும் மரங்கள் (நீலகிரியில் காட்டுப் பூவரசு என்பார்களே, அதே இனம்) எல்லாம் உங்களுக்குக் கிடைக்கும். வெயில் சுடும், தொப்பியும் தண்ணீரும் அவசியம். என்னைக் கேட்டால், சூரிய உதயம் எந்த மலையிலும் கிடைக்கும், ஆளில்லாத படி இங்கே அபூர்வம்.

இரண்டுக்கும் மனமில்லை, போயா இரவில் உதயம்தான் வேண்டும் என்பவர் மாலையிலேயே ஏறி, மேலே குளிரில் இரவைக் கழிக்க வேண்டும். அது யாத்திரிகர்கள் செய்வது. அவர்களிடம் கம்பளி, கூட்டத்தின் சூடு, பிரார்த்தனை மூன்றும் இருக்கின்றன.

அடிவாரம் வரை

கொழும்பு கோட்டையிலிருந்து பதுளை செல்லும் ரயிலில் ஹட்டனில் இறங்க வேண்டும். மலைநாட்டு ரயில்பாதை மண்சரிவில் அடைபடுவது வழக்கம், புறப்படும் முன் ஓடுகிறதா என்று விசாரித்துவிடுங்கள். ஹட்டனிலிருந்து டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குப் பஸ். பருவகாலத்தில் கொழும்பிலிருந்தே நேரடி பஸ்களும் உண்டு. பருவம் இல்லாத மாதங்களில் மஸ்கெலியாவில் மாற வேண்டிவரும். நல்லதண்ணியை ஆங்கிலப் பெயர்ப்பலகைகளில் டல்ஹவுசி என்று போட்டிருப்பார்கள், இரண்டும் ஒன்றே.

இந்தச் சாலை முழுக்கத் தேயிலைத் தோட்டம். பஸ் கண்டக்டரிலிருந்து தேநீர்க் கடைக்காரர் வரை தமிழ் பேசுபவர்கள் நிறைந்த பகுதி. சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ வருகிறவர் மொழிக்குக் கவலைப்பட வேண்டியதில்லை. "அண்ணே, நல்லதண்ணிக்கு எந்த பஸ்?" என்றால் கையைப் பிடித்து ஏற்றிவிடுவார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட தோட்டத் தொழிலாளர்களின் வழிவந்தவர்கள் இவர்கள். வழியோரத்து லயன் வீடுகளைப் பார்த்ததும் போனைத் தூக்கிப் படமெடுப்பதை மட்டும் தவிர்க்கவும். அவை குடியிருக்கும் வீடுகள்.

மஸ்கெலியாவைத் தாண்டியதும் தெரியும் பெரிய நீர்த்தேக்கம் மவுசாக்கலை. 1960களில் அணை கட்டியபோது பழைய மஸ்கெலியா பட்டினம் தண்ணீருக்குள் போனது. கடும் வறட்சியில் நீர் வற்றினால் பழைய கோவில், விகாரைகளின் மிச்சம் வெளியே தலைகாட்டும். மலையை முழுதாகப் படம்பிடிக்க இந்த நீர்த்தேக்கக் கரைதான் இடம். உச்சிக்குப் போனபின் மலை உங்கள் காலடியில் இருக்கும், படத்தில் வராது. பலரும் இதை யோசிப்பதில்லை, வரும்போது பஸ்ஸில் தூங்கிவிட்டு அப்புறம் வருந்துவார்கள்.

நல்லதண்ணியில் சிறு விடுதிகள் நிறைய. பகலிலேயே வந்து, மாலை ஏழு மணிக்குள் சாப்பிட்டுப் படுத்து, ஒன்றரைக்கு எழுவதே நல்லது. கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வந்து அப்படியே ஏறுகிறவர்கள் பாதி வழியில் அம்பலத்தில் சாய்ந்து தூங்குவதைப் பார்க்கலாம். அம்பலம் என்றால் வழிப்போக்கர் தங்கும் மண்டபம். இந்தப் பாதையில் தங்குமிடம் அமைப்பது மிகப் பழைய தர்மம். 11ஆம் நூற்றாண்டில் ஆட்சிக்கு வந்த முதலாம் விஜயபாகு மன்னன் யாத்திரிகர்கள் படும் பாட்டைக் கேட்டு, வழியில் அவர்கள் தங்கவும் உண்ணவும் கிராமங்களை மானியமாக விட்டான். அம்பகமுவ கல்வெட்டு அதைச் சொல்கிறது.

பையில் என்ன

ஏறும்போது சட்டை வியர்வையில் நனையும். அதே ஈரச் சட்டையோடு உச்சிக் காற்றில் அரைமணி நின்றால் பல் கிட்டிவிடும். பருவகால விடியலில் வெப்பம் 10 பாகைக்குக் கீழே இறங்குவதுண்டு. ஆகவே பையில் முதலில் போக வேண்டியது உலர்ந்த பனியனும் சட்டையும். மேலே போனதும் ஒதுங்கி மாற்றிக்கொண்டு, அதன்மேல் ஸ்வெட்டர் போடுங்கள். கீழேயிருந்தே ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு கிளம்புகிறவர் பத்தாவது நிமிடத்தில் அதைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு நடப்பார்.

அடுத்து கையுறை. இதைப் பலரும் சிரித்து ஒதுக்குவார்கள். கடைசிச் செங்குத்துப் பகுதியில் இரும்புக் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துத்தான் ஏற வேண்டும். அதிகாலையில் அது பனியில் நனைந்து சில்லிட்டிருக்கும், வெறுங்கை மரத்துப்போகும். சாதாரணக் கம்பளிக் கையுறை போதும். அதுபோலவே காலுறை இரண்டு சோடி. உச்சி முற்றத்தில் செருப்பும் ஷூவும் கூடாது. ஈரச் சிமெண்டுத் தரையில் நின்றபின் மாற்றிக்கொள்ள ஒரு சோடி காய்ந்தது வேண்டும். கழற்றிய ஷூவை நூற்றுக்கணக்கான சோடிகளுக்கு நடுவே விட்டுவிட்டுத் தேடாமல், ஒரு துணிப்பையில் போட்டுக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றபடி குல்லாய், சில்லறை நோட்டுகள், முழுக்கச் சார்ஜ் ஏற்றிய போன், முழங்காலுக்குத் தைலம். தின்பண்ட மூட்டை வேண்டாம், வழியெங்கும் கடை. ரொட்டி, வடை, அவித்த கடலை, கித்துள் கருப்பட்டித் துண்டோடு சுடச்சுடப் பிளேன்டீ (பால் சேர்க்காத தேநீர்). மேலே போகப்போக விலை ஏறும். பேரம் பேச வேண்டாம். அந்த அடுப்பும் காஸ் சிலிண்டரும் தண்ணீரும் மாவு மூட்டையும் ஆள் தோளில் ஏறியவை. சிலிண்டரைப் பிடரியில் வைத்துக்கொண்டு உங்களைத் தாண்டி ஏறும் ஒருவரைப் பார்த்தால் விலையின் கணக்கு தானே விளங்கும். கழிவறைகள் கீழ்ப்பகுதியில் தாராளம், மேலே குறைவு. பாலித்தீனைத் தவிருங்கள், கொண்டுபோன குப்பையைக் கொண்டுவாருங்கள். போயா தினத்தில் நாடு முழுக்க மதுவிற்பனைக்குத் தடை. பருவகாலத்தில் நல்லதண்ணி வரும் சாலையில் போதைப்பொருளுக்காகப் போலீசார் பஸ்களைச் சோதிப்பதும் வழக்கம்.

ஏறுவதற்கு நுழைவுச்சீட்டு எதுவும் கிடையாது. தொடக்கத்தில் பிக்குகள் பிரித் ஓதிய காப்பு நூல் கட்டிவிட்டுக் காணிக்கை கேட்பார்கள். விரும்பியதைப் போடலாம், போடாமலும் போகலாம். காணிக்கை ஏட்டில் முன்னால் கையெழுத்திட்டவர் எழுதிய பெருந்தொகையைக் காட்டினால் அதைப் பார்த்து மலைக்க வேண்டியதில்லை.

படி

முதல் அரைமணி சமதரைபோல ஏமாற்றும். மகர தோரணத்தைக் கடந்து, ஜப்பானிய பௌத்தத் துறவிகள் எழுப்பிய வெள்ளைச் சமாதானத் தாதுகோபம் தாண்டினால் சீத கங்குல ஓடை. யாத்திரிகர்கள் இங்கே முகம் கைகால் கழுவி, சிலர் குளித்தும், மேலே போவார்கள். அதன்பிறகுதான் உண்மையான படி. 5,000க்கு மேல் என்பது பொதுவான கணக்கு. எண்ணிப் பார்த்தவர்கள் ஆளுக்கொரு எண்ணிக்கை சொல்வார்கள். படிகள் ஒரே உயரத்தில் இல்லை, ஒன்று சாண் என்றால் அடுத்தது முழம். மூச்சு வாங்குவதற்கு முன்பே நிற்பதுதான் ஏறும் முறை. வேகமாக ஏறி வியர்த்து, நின்று குளிர்ந்து, மறுபடி ஏறுவதைவிட, பேசிக்கொண்டே ஏறக்கூடிய வேகம் நல்லது. பேச முடியவில்லை என்றால் வேகம் கூடிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நிற்கும்போது படியின் நடுவில் நிற்காதீர்கள். உங்களுக்குப் பின்னால் எழுபது வயதுப் பாட்டியை இரண்டு பேரன்கள் கைத்தாங்கலாக ஏற்றிக்கொண்டு வரலாம், கைக்குழந்தையோடு ஒரு தாய் வரலாம். இப்படிக் குடும்பமாக வரும் குழுவை நடே என்பார்கள், முன்னே போகும் மூத்தவர் நடே குரா. முதன்முறை ஏறுகிறவர்களுக்குக் கோடு என்று பெயர், அவர்களுக்கென்று சடங்குகள் உண்டு. வழியில் ஓரிடத்தில் வெள்ளை நூலை அவிழ்த்துக்கொண்டே போவார்கள், கம்பிகளில் நூல் சுற்றிக் கிடக்கும். அறுத்துவிடாமல் தாண்டிச் செல்லுங்கள். எதிரே வருகிறவர் "கருணாவை" என்றால் நீங்களும் அப்படியே திருப்பிச் சொல்லலாம். குழுவைப் பிளந்துகொண்டு முந்துவது அநாகரிகம். இரவு முழுக்கப் பாடிக்கொண்டு ஏறும் அந்தக் கூட்டத்துக்காகத்தான் இந்த விளக்கும் கடையும் படியும் இருக்கின்றன. அவர்கள் பாதையில் நாம் விருந்தாளிகள்.

போயா இரவில் வரிசையிலேயே வானம் வெளுக்கத் தொடங்கினால் பதறவோ முட்டித் தள்ளவோ வேண்டாம். நல்லதண்ணி வழி மலையின் வடகிழக்குச் சரிவில் ஏறுவதால், மேற்படிகளில் நின்றபடியே உதயம் தெரியும். திரும்பி நின்று பார்த்துவிட்டுத் தொடருங்கள்.

இரத்தினபுரிப் பக்கத்திலிருந்து பலாபத்தல வழியாகவும், குருவிட்ட எரத்ன வழியாகவும் பழைய பாதைகள் உண்டு. நீளம் அதிகம், ஏற்றம் அதிகம், ஈர நாட்களில் அட்டைத் தொல்லை. மலையேறிப் பழகியவர்களுக்கே அவை. 1344இல் இங்கே வந்த உலகப் பயணி இப்னு பதூதாவும் இரண்டு வழிகளைக் குறிப்பிடுகிறார், ஒன்று ஆதாம் பெயரில், ஒன்று ஏவாள் பெயரில். சுலபமான ஏவாள் வழியில் ஏறியவரை யாத்திரை செய்தவராகவே மதிப்பதில்லையாம். பாறையில் சங்கிலி பிடித்து ஏறியதையும் எழுதியிருக்கிறார். நமக்குக் கைப்பிடிக் கம்பியே போதும்.

உச்சி

சிவனொளிபாதம் என்ற பெயரை நம்பி அர்ச்சனைத் தட்டு, தீபாராதனை, விபூதி எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாறுவார்கள். இங்கே வழிபாடு பௌத்த முறைப்படி நடக்கிறது, நிர்வாகம் பிக்குகளிடம். 16ஆம் நூற்றாண்டில் சைவத்துக்கு மாறிய சீதாவாக்கை மன்னன் முதலாம் இராஜசிங்கன் இதைச் சைவ ஆண்டிகளிடம் ஒப்படைத்தான். 18ஆம் நூற்றாண்டில் கண்டி மன்னன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் அதைத் திரும்பப் பிக்குகளுக்குக் கொடுத்தான். கொடுத்தவன் மதுரையிலிருந்து வந்த நாயக்கர் வம்சத்தவன் என்பதுதான் வேடிக்கை. இன்றைக்குச் சைவர்கள் பூவோடு போய் வணங்கித் திரும்பலாம், யாரும் தடுப்பதில்லை.

பாதத்தின் தடத்தை நேரில் காண முடியாது. மேலே கல்லும் பட்டுத் துணியும் பூவும் மூடியிருக்கும். வரிசையில் உங்கள் முறை சில நொடிதான். சந்நிதிக்குள் போட்டோ எடுக்காதீர்கள். முழங்கால் மூடிய உடையில் போங்கள். முற்றத்தில் ஒரு மணி தொங்கும். எத்தனை முறை மலை ஏறினீர்களோ அத்தனை முறை அடிப்பது வழக்கம். முதன்முறை வந்தவர் ஒரு தடவை அடித்துவிட்டு நகர, அடுத்து ஒரு தாத்தா அடிக்கத் தொடங்கி நிறுத்தாமல் போய்க்கொண்டே இருப்பார், கூடியிருப்பவர்கள் வாய்விட்டு எண்ணுவார்கள். மேலே நான் மிகவும் ரசிப்பது இதைத்தான்.

சூரியன் கிளம்பியதும் மேளம் முழங்கும், எல்லா போனும் கிழக்கே நீளும். அந்த நொடியில் நீங்கள் கூட்டத்துக்கு எதிராக நடந்து முற்றத்தின் மேற்குப் பக்கம் வந்துவிடுங்கள். கீழே மூடுபனிமேல் மலையின் நிழல் கருநீல முக்கோணமாகக் கூர்மையாக விழுந்திருக்கும். மலை கூம்பாக இருப்பதால்தான் இந்த வடிவம் என்று பலரும் விளக்கம் சொல்வார்கள். உண்மையில் எந்த வடிவ மலையாக இருந்தாலும் உச்சியில் நின்று பார்ப்பவருக்கு நிழல் முக்கோணமாகவே தெரியும், தொலைவில் போகப்போக எல்லாம் குவிந்து ஒரு புள்ளியில் சேர்வதுபோலக் கண்ணுக்குத் தோன்றுவதால். சூரியன் ஏற ஏற நிழல் சுருங்கி அடிவாரம் நோக்கி வந்து கரைந்துவிடும். மொத்தம் கால்மணி, இருபது நிமிடம். காற்றில் ஈரப்புகை இல்லாத நாளில் மங்கலாகத் தெரியும், மேகம் மூடிய நாளில் தெரியவே தெரியாது.

இறக்கம்

உதயம் முடிந்ததும் எல்லோரோடும் சேர்ந்து இறங்க அவசரப்படாதீர்கள். பிளேன்டீ குடித்துக்கொண்டு அரைமணி, முக்கால் மணி காத்திருந்தால் நெரிசல் வடிந்துவிடும். அதற்குமேல் தாமதித்தால் வெயில் ஏறிவிடும். ஏறும்போது நெஞ்சு வேலை செய்தது, இறங்கும்போது முழங்கால் வேலை செய்யும். உயரமான படிகளில் பக்கவாட்டில் திரும்பிக் காலை வையுங்கள். குதித்து இறங்கும் இளைஞர்களைப் பார்த்து நீங்களும் குதிக்க வேண்டாம், அடிவாரக் கடையில் அவர்களைச் சந்திப்பீர்கள்.

ஹட்டன் பஸ்கள் காலை ஒன்பது முதல் பதினொன்று வரை நிரம்பி வழியும். விடுதியில் குளித்து, சாப்பிட்டு, மதியத்துக்கு மேல் கிளம்பினால் உட்கார இடம் கிடைக்கும். அடுத்த இரண்டு நாட்களுக்குக் கெண்டைக்கால் படியைக் கண்டாலே முரண்டு பிடிக்கும். நுவரெலியா போய் மறுநாளே ஹோட்டன் சமவெளியில் நடக்கலாம் என்று திட்டமிட்டிருந்தால் அதை ஒரு நாள் தள்ளி வையுங்கள். விடுதி பதிவு செய்யும்போது கீழ்த்தள அறையாகக் கேளுங்கள்.